பெரட்டில் தொடங்கிய கசப்பு

மலாயில் ‘ஆயர்’ என்றால் தண்ணீர். ‘தாவார்’ என்றால் உப்புக் கரிக்காதது, சுவையற்றது, சப்பென்று இருப்பது. கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு உப்பில்லாத தண்ணீரே பெரிய வரம் என்பதால் ஊர்ப்பெயரில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மலாய் அகராதியில் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு சிறு குடும்பமே குடியிருக்கிறது. ‘தாவார் ஹாத்தி’ என்றால் மனம் விட்டுப்போவது. ‘தாவார் மெனாவார்’ என்றால் சந்தையில் பேரம் பேசுவது. ‘பெனாவார்’ என்றால் விஷமுறி. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் பெண் அந்த ஐந்தாறு மாதங்களில் இந்த நான்கு சொற்களையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுகிறாள். நாக்கு முதலில் போகிறது. தண்ணீர் தகரம்போல இருக்கிறது, சோறு வைக்கோல்போல இருக்கிறது. மற்றவை பின்னாலேயே வருகின்றன.

ஆயர் தாவார், பேராக்கின் மஞ்சோங் மாவட்டத்துச் சிறு பட்டணம். ஈப்போவிலிருந்து லுமுட் போகும் சாலையில், போத்தாவில் பேராக் ஆற்றைக் கடந்து, சித்தியவானுக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறது. 1903இல் மெதடிஸ்ட் பாதிரிமார்களோடு சித்தியவானில் வந்திறங்கிய பூச்சோ சீனர்கள் ரப்பர் நட்டு, மெல்ல இந்தப் பக்கமும் பரவினார்கள். பட்டணத்தின் கடைத்தெரு இன்றும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான். தமிழர்கள் சுற்றியிருந்த தோட்டங்களுக்கு வந்தார்கள். சொகோமானா போன்ற தோட்டப் பெயர்கள் இப்போது தமிழ்ப்பள்ளிகளின் பெயரில்தான் அதிகம் காதில் விழுகின்றன. கித்தா என்னும் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளில் இருந்த பல குடும்பங்கள் தாமான் என்னும் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தன. தோட்டத்தை விட்டு வந்தபோது சட்டி பானையோடு ஒரு பழக்கத்தையும் கூடவே கட்டிக்கொண்டு வந்தார்கள். மருந்து என்றால் எப்படி இருக்கும், அதை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பழக்கம் அது.

அந்தப் பழக்கத்தின் தொடக்கம் பெரட்டுக் களம். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் இடம். இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களை மலேரியா வாரிக்கொண்டு போனது. காடு வெட்டி, ஓடைகளில் வெயில் பட்டதும் கொசு பெருகியது. கப்பலிறங்கிய சில மாதங்களிலேயே ஆட்கள் செத்து விழுந்த தோட்டங்கள் உண்டு. கிள்ளான் வட்டாரத்தில் 1901 முதல் வேலை பார்த்த மால்கம் வாட்சன் என்ற வெள்ளைக்கார மருத்துவர், சதுப்பை வடித்துக் கொசுவை ஒழிப்பதை ஒரு அறிவியலாகவே ஆக்கினார். வடிகால் வெட்டக் காசும் காலமும் வேண்டும். அதுவரை கொய்னா என்னும் குயினைன். காலையில் பெரட்டில் வரிசையாக நிறுத்தி ஆளாளுக்கு ஒரு மடக்கு ஊற்றினார்கள். வாயில் வாங்கி மறைவாகத் துப்பியவர்களும் இருந்ததால், விழுங்கும் வரை நின்று பார்க்க ஒரு கண்காணிப்பு.

கொய்னா சும்மா கசக்கும் மருந்து இல்லை. காதில் வண்டு குடைவதுபோல் இரைச்சல், தலைச்சுற்றல், குமட்டல் எல்லாம் அதோடு வரும். இன்றைய மருத்துவம் இவற்றைப் பக்கவிளைவு என்று பெயரிட்டு எழுதிவைக்கும். அன்று அது கேட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை. மருந்து படுத்தத்தான் செய்யும், குடித்துவிட்டு வேலைக்குப் போ. அவ்வளவுதான்.

பிறகு தோட்ட ஆஸ்பத்திரி வந்தது. தோட்டங்கள் மருத்துவ வசதி வைத்திருக்க வேண்டும் என்று தொழிலாளர் சட்டங்கள் கட்டாயப்படுத்தின. அங்கே ராஜா என்றால் அது டிரெஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளர். மருத்துவர் எப்போதாவது வந்து போவார். டிரெஸ்ஸர்தான் காயம் கட்டுவார், ஊசி போடுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவருக்கு உண்மையிலேயே காய்ச்சலா, வேலைக்கு மட்டம் போடப் பார்க்கிறாரா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்தது. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நோவைச் சொல்வது என்பதே, சந்தேகப்படுகிறவர் முன் சாட்சி சொல்வதுபோல் ஆகிவிட்டது. ‘முடியலை’ என்றால் அன்றைய பெயர் பெரட்டில் விழாது, கூலியும் விழாது. எனவே முடிந்தவரை யாரும் சொல்லவில்லை. தாய்மார்கள் அதை மகள்களுக்குக் கற்றும் கொடுத்தார்கள்.

தோட்டத்துத் தமிழில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ‘மருந்தடிக்கப் போறேன்’ என்றால் களைக்கொல்லி தெளிக்கப் போகிறேன் என்று பொருள். முதுகில் தொட்டி, கையில் குழாய், வரிசை வரிசையாக மரத்தடியில் பாராகுவாட். இந்த வேலையில் பெரும்பாலும் பெண்கள். அவர்களிலும் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தெனகனித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு இயக்கமும் 1992இலும் 2002இலும் வெளியிட்ட ஆய்வுகள் அந்தப் பெண்களின் உடம்பில் என்ன நடந்தது என்பதைப் பதிவு செய்தன: மூக்கில் ரத்தம், நிறம் மாறி உதிர்ந்த நகங்கள், தோலில் வெடிப்பு, எரியும் கண்கள். இரண்டு ஆய்வுகளின் தலைப்பிலும் குரலற்றவர்கள், வாயடைக்கப்பட்டவர்கள் என்ற பொருள் வரும் சொற்கள் இருந்தது தற்செயல் இல்லை. மலேசியா 2002இல் பாராகுவாட்டை விலக்க முடிவெடுத்து, 2006இல் பின்வாங்கி, கடைசியில் 2020 ஜனவரி முதல் நாள் முற்றாகத் தடை செய்தது. மருந்து தெளித்ததால்தான் இன்னாருக்குப் புற்றுநோய் வந்தது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் நகம் கறுத்துப்போனாலும் மறுநாள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போன கைகள் அவை. அதே கைகளில் பின்னாளில் கீமோ ஊசி குத்தப்பட்டு, நகம் கறுக்கும்போது, ‘இது பழக்கம்தானே’ என்று அவள் நினைத்துக்கொண்டால் அதில் வியக்க ஏதுமில்லை.

கீமோவும் ஒரு விஷத்திலிருந்துதான் பிறந்தது. முதல் உலகப்போரில், 1917 ஜூலையில், பெல்ஜியத்தின் ஈப்ரே அருகே முதன்முதலாகப் போர்க்களத்தில் விடப்பட்டது கடுகு வாயு. தோலைக் கொப்புளமாக்கியது. உள்ளே போய் ரத்தத்தின் வெள்ளையணுக்களையும் தின்றது. வெள்ளையணுக்களைத் தின்னும் பொருளால் வெள்ளையணுப் புற்றைக் கரைக்க முடியாதா என்று யேல் பல்கலைக்கழகத்தில் குட்மனும் கில்மனும் யோசித்தார்கள். 1942இல் அதன் உறவான நைட்ரஜன் கடுகை ஒரு நோயாளிக்கு ஏற்றினார்கள். கட்டி சுருங்கியது, பிறகு திரும்பியது. போர்க்கால ரகசியம் என்பதால் நான்கு ஆண்டுகள் வெளியே சொல்லவில்லை. இன்று மார்பகப் புற்றுக்குக் கொடுக்கும் சைக்ளோபாஸ்பமைடு அந்த வம்சத்தின் பேத்தி.

இன்னொரு வம்சம் நமக்கு மிக அருகில் ஓடுகிறது. அதன் தொடக்கம் ஒரு மர்மைட் புட்டி.

மர்மைட் என்றால் மலேசியத் தமிழர் வீட்டில் விளக்கம் தேவையில்லை. கறுப்பாக, பிசுபிசுவென்று, உப்பாக இருக்கும் அதைக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சியில் ஒரு கரண்டி கரைத்துக் கொடுப்பது இந்த நாட்டு வழக்கம். ஆங்கிலேயர் விட்டுப்போனவற்றில் சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரும் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொண்ட சொத்து அது. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். துணியாலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் ரத்தம் வற்றிச் சாவது ஏன் என்று ஆராய்வது அவர் வேலை. பிறகு குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் இருந்தார். மலிவான மர்மைட் அந்தச் சோகையைத் தீர்க்கிறது என்று 1931இல் எழுதினார். அதிலிருந்த பொருளுக்குப் பெயர் பத்தாண்டு கழித்துத்தான் கிடைத்தது, ஃபோலிக் அமிலம்.

அதைச் செயற்கையாக உருவாக்கிய லெடர்லி ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல் அமெரிக்கா போனவர். அவருடைய சகோதரர்கள் இருவரை, உணவுச் சத்து உடம்பில் ஒட்டாமல் போகும் ஸ்ப்ரூ நோய் சில நாள் இடைவெளியில் கொண்டுபோயிருந்தது. அந்த நோய்க்கு ஃபோலிக் அமிலம் மருந்து. போஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப்புற்று வந்த குழந்தைகளைக் கவனித்துவந்தார். ஃபோலிக் அமிலம் கொடுத்தால் புற்று வேகமாக வளர்வதாகத் தோன்றியது. அப்படியானால் அதற்கு எதிரானதைக் கொடுத்தால்? சுப்பாராவின் கூடம் எதிர்ப்பொருள்களைச் செய்து அனுப்பியது. 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிகமாகவேனும் நோய் அடங்கியது என்று ஃபார்பர் 1948 ஜூனில் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். அந்த வரிசையில் வந்த மெத்தோட்ரெக்சேட்டை 1951இல் நியூயார்க்கில் ஜேன் ரைட் என்ற கறுப்பினப் பெண் மருத்துவர் மார்பகப் புற்றுக்குப் பயன்படுத்திப் பலன் கண்டார். பம்பாய் ஆலைப் பெண்களின் சோகைக்குத் தேடிய தீர்வு, சுற்றிச் சுற்றி, மார்பகப் புற்றின் மருந்தாக வந்து நின்றது.

இந்த மருந்துகள் புற்றணுவைத் தேடிப் போய் அடிப்பவை அல்ல. வேகமாகப் பெருகும் எந்த அணுவையும் அடிக்கும். உடம்பில் வேகமாகப் பெருகுபவை எவை? மயிர்க்கால், வாயின் உட்தோல், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை. அதனால்தான் தலைமயிர் உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, வயிறு கலங்குகிறது, வெள்ளையணு சரிகிறது. இத்தாலியின் பழைய கோட்டை ஒன்றின் அருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிரின் வழியாகக் கிடைத்தது அட்ரியாமைசின். அட்ரியாடிக் கடலின் பெயர். நல்ல ரோஜா சர்பத் நிறம். ஏற்றிய அன்று சிறுநீரும் சிவந்து போகும் என்பதை முன்னமே யாரும் சொல்லாவிட்டால் பெண்கள் நடுங்கிப்போவார்கள். வெள்ளைக்கார நோயாளிகள் அதற்குச் சிவப்புப் பிசாசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். லயத்து வாசலில் தானே முளைத்துப் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்தும் புற்றுமருந்து எடுக்கிறார்கள். சுடுகாட்டு மல்லி என்றும் அதற்கு ஒரு பெயர் இருப்பதால், இந்தச் செய்தியைக் கேட்கிற பாட்டிமார்களுக்குச் சிரிப்பதா முகம் சுளிப்பதா என்று தெரிவதில்லை.

மார்பகப் புற்றை அறுத்தெடுத்த பிறகு, கண்ணுக்குத் தெரியாத எச்சத்தை அழிக்கக் கீமோ கொடுக்கலாம் என்பதைத் தெளிவாகக் காட்டியது மிலான் நகரம். ஜியானி போனடோனா 1976இல் 386 பெண்களின் கதையை வெளியிட்டார். 207 பேருக்குச் சைக்ளோபாஸ்பமைடு, மெத்தோட்ரெக்சேட், ஃபுளோரோயூராசில் என்ற மூன்று மருந்தும் கொடுக்கப்பட்டன. 179 பேருக்கு அறுவை மட்டும். 27 மாதங்களில், மருந்து பெறாதவர்களில் 24 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. பெற்றவர்களில் 5.3 விழுக்காட்டினருக்கு. அந்த எண்கள் உலகெங்கும் மருத்துவமனைகளின் நடைமுறையை மாற்றின.

அவரே 1981இல் வெளியிட்ட இன்னொரு கணக்கு அவ்வளவு பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டியது அதுதான். திட்டமிட்ட அளவில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமல் பெற்றவர்களுக்கே பலன் நன்றாகத் தெரிந்தது. வாந்தி தாளாமல் பாதியில் நின்றவர்களுக்கும், அளவைக் குறைத்துக்கொண்டவர்களுக்கும் அவ்வளவு இல்லை. அப்படியென்றால் வாந்தியை அடக்குவது நோயாளிக்குக் காட்டும் தயவு மட்டுமல்ல, சிகிச்சையில் ஒரு பாதியே அதுதான்.

ஆனால் அந்தப் பாதி பதினைந்து ஆண்டு தாமதமாக வந்தது. 1976க்கும் 1991க்கும் இடையில் கீமோ எடுத்த பெண்களிடம் கேட்டால், வாளியைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். ஆஸ்பத்திரி வாசனை மூக்கில் பட்டதுமே, ஊசி குத்துமுன்பே, வாந்தி வந்துவிடும். உடம்பு முன்கூட்டியே நினைவு வைத்திருக்கும். ஈப்போ வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர் பயணம் போகிறவளுக்குப் போத்தா பாலம் வந்ததுமே வயிறு புரட்டத் தொடங்கினால், அதைப் பயம் என்றோ பாசாங்கு என்றோ சொல்லக் கூடாது. மருத்துவம் அதற்கென்றே ஒரு பெயர் வைத்திருக்கிறது.

சிட்னியில் ஆலன் கோட்ஸ் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 1983இல் ஒரு எளிய காரியம் செய்தார்கள். கீமோ எடுக்கும் 99 பேரிடம் 73 அட்டைகளைக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தொல்லை எழுதியிருந்தது. உங்களைப் படுத்துவதைப் பொறுக்கியெடுத்து, மோசமானது முதலாக அடுக்குங்கள் என்றார்கள். வாந்தி முதலிடம், குமட்டல் இரண்டாவது, முடி உதிர்வது மூன்றாவது. பத்தாண்டு கழித்து வேறொரு குழு அதே கேள்வியைக் கேட்டபோது வாந்தி ஐந்தாம் இடத்துக்கு இறங்கியிருந்தது. குமட்டல் முதலிடம், அசதி இரண்டாவது, முடி அதே மூன்றாவதில். இடையில் நடந்தது என்ன? 1991 ஜனவரியில் அமெரிக்காவில் ஒண்டான்செட்ரான் அனுமதி பெற்றது. கீமோ ஏறியதும் குடல்சுவர் செரட்டோனின் என்ற பொருளைக் கொட்டுகிறது. அது நரம்பு வழியே மூளைக்கு ‘விஷம் வந்திருக்கிறது, வெளியே தள்ளு’ என்று சேதி அனுப்புகிறது. அந்தச் சேதி போய்ச் சேரும் கதவை ஒண்டான்செட்ரான் அடைத்துவிடுகிறது. அதே ஆண்டு பிப்ரவரியில், சரிந்த வெள்ளையணுவை எழுப்பும் ஃபில்கிராஸ்டிம் ஊசிக்கும் அனுமதி கிடைத்தது. ஒரு பெண் 1990இல் கீமோ எடுத்தாளா 1992இல் எடுத்தாளா என்பது அவளுடைய அனுபவத்தையே மாற்றிவிட்டது. பிற்பாடு 2006இல் காப்புரிமை முடிந்து ஒண்டான்செட்ரான் மாத்திரை மலிவானது. அக்காள் பட்ட பாட்டைத் தங்கையும் பட வேண்டும் என்று இப்போது கட்டாயமில்லை. ஆனால் தங்கைக்குத் தெரிந்ததெல்லாம் அக்காள் பட்ட பாடுதான். பயம் அங்கிருந்துதான் வருகிறது.

கவனிக்க வேண்டியது அந்த அட்டைகளை. யாரோ கேட்டார்கள், அதனால் பதில் வந்தது. டிரெஸ்ஸர் காலத்தில் அப்படிக் கேட்டவர் இல்லை. கோலாலம்பூரில் 1986இல் மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் தொடங்கியபோது, நோயைக் கடந்த பெண்களே புதிதாக வந்தவர்களுடன் உட்கார்ந்து பேசியதில் இருந்த பெரிய விஷயமும் அதுதான். மருத்துவரிடம் சொல்ல வாய் வராததை இன்னொரு பெண்ணிடம் சொல்லலாம்.

அடுப்படி தன் பங்கைச் செய்யாமல் இல்லை. இஞ்சி நம் வீட்டுச் சரக்கு, ஆராய்ச்சியும் அதற்குச் சாட்சி சொல்கிறது. அமெரிக்காவில் 576 நோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வில், வாந்தி மாத்திரையோடு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இஞ்சியும் எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. மாத்திரையோடு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மாத்திரைக்குப் பதிலாக இல்லை. எல்லா ஆய்வும் ஒரே குரலில் பேசவுமில்லை.

பத்தியம் வேறு கதை. நோய்க்காரிக்கு அது ஆகாது, இது சூடு, இது குளிர்ச்சி, கறி மீன் கூடாது என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் வெறும் கஞ்சியும் உப்பும் மிஞ்சும். சாதாரண ஜுரத்துக்கு அது நான்கு நாள் வழக்கம், தாங்கும். கீமோவுக்கு அது ஐந்தாறு மாதம். கலைந்த தசையையும் ரத்தத்தையும் திரும்பக் கட்டப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, கோழி, எது உள்ளே போகிறதோ அது. பக்கத்து வீட்டுப் பூச்சோ சீனர்கள் பிள்ளை பெற்றவளுக்குச் சிவப்பு அரிசி மதுவில் கோழியும் மீ சுவாவும் போட்டுக் கொடுப்பார்கள். உடம்பு தேறக் கோழி வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கீமோவுக்கு மது ஆகாது, கோழிக் கணக்கு சரி. நாக்கு தாவார் ஆனவளுக்கு ஒரு கரண்டி மர்மைட்டோ எலுமிச்சைச் சாறோ கஞ்சியைத் தூக்கிக் கொடுக்கும். உலோகச் சுவை அடித்தால் ஸ்டீல் கரண்டியை வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் கரண்டியால் சாப்பிடுங்கள் என்று தாதிமார் சொல்வதுண்டு. சின்ன விஷயம், வேலை செய்கிறது.

சத்து மாத்திரை மட்டும் மருத்துவர் அறியாமல் கூடாது. ஃபோலிக் அமிலம் மெத்தோட்ரெக்சேட்டுக்கு எதிரி. ஃபுளோரோயூராசில் வகையறாவுக்கோ அது தோழன், நஞ்சையும் சேர்த்துக் கூட்டிவிடும். லூசி வில்ஸின் மருந்து இன்னும் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்த ஃபுளோரோயூராசில் ஊசியாக ஏறும்போது ஐஸ் கட்டியை அரைமணி நேரம் வாயில் அடக்கிக்கொண்டால் வாய்ப்புண் குறையும் என்று 1991இல் ஒரு ஆய்வு சொன்னது. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி, மருந்து அங்கே போவது குறைகிறது. அதே தந்திரத்தை நகத்துக்குப் பனிக்கையுறையாகவும், தலைக்குப் பனித்தொப்பியாகவும் பயன்படுத்துகிறார்கள். ‘ஐஸ் சளி பிடிக்கும்’ என்று தடுக்கும் மாமியார் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஐஸ் கச்சாங் விற்கும் நாட்டில் இந்த ஒரு மருந்தாவது கிடைக்காமல் போகாது.

முடியைப் பற்றித் தமிழ்ப் பெண்ணிடம் பேசும்போது சொற்களை அளந்து பேச வேண்டும். முதல் ஊசி முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் சீப்போடு கொத்தாக வரும். தலைமுடி போன பெண் என்றால் பழைய காலத்து நினைவில் கைம்பெண். ஆனால் அதே சமூகம் தைப்பூசத்தில் ஈப்போ கல்லுமலை முருகனுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வரும் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடவும் செய்கிறது. வழுக்கையை நோயாக்குவதும் நேர்த்திக்கடனாக்குவதும் பார்க்கிறவர் கண்ணில்தான் இருக்கிறது. உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருக்காமல் முன்கூட்டியே மழித்துக்கொள்ளும் பெண்கள் பலர். கேட்பவர்களிடம் ‘வேண்டுதல்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்வதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. பொய் என்றும் சொல்ல முடியாது.

பச்சிலை வியாபாரம் இன்னொரு பக்கம். சென்ற பத்தாண்டின் தொடக்கத்தில் சபா பாம்புப் புல் என்ற செடி மலேசியா முழுக்க ஒரு ஆட்டம் ஆடியது. புற்றுக்கு மருந்து என்று தொட்டியில் வளர்த்து அரைத்துக் குடித்தார்கள். முள்ளுச்சீத்தா இலை, பப்பாளி இலை என்று பட்டியல் நீளும். மனிதர்களிடம் இவை புற்றைக் குணப்படுத்தியதற்கு நிரூபணமில்லை. கீமோவைச் சிதைத்து வெளியேற்றும் வேலை கல்லீரலுடையது. அந்த நேரத்தில் அதன் தலையில் தெரியாத சாற்றையும் ஊற்றினால் அது எத்தனையைத் தாங்கும்? இலையைக் கொண்டுவந்து கொடுக்கிறவர்கள் அன்பில்தான் கொடுக்கிறார்கள். நோயாளிகள் மறுக்க முடியாமல் குடித்துவிட்டு, மருத்துவரிடம் மறைத்துவிடுகிறார்கள். திட்டுவார்களே என்று. மறுபடியும் அதே டிரெஸ்ஸர் பயம்.

மௌனத்தின் விலை எங்கே உயிராகிறது என்றால், காய்ச்சலில். ஊசி போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள்வரை வெள்ளையணு அடிமட்டத்தில் இருக்கும். அப்போது 38 டிகிரி காய்ச்சல் என்றால் அது வெறும் காய்ச்சல் இல்லை, ரத்தத்தில் கிருமி ஏறுவதாக இருக்கலாம். சில மணி நேரத்துக்குள் நரம்பில் கிருமிக்கொல்லி மருந்து ஏற வேண்டும். தோட்டத்துப் பழக்கமோ இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு போர்த்திப் படுப்பது. பனடோல் சூட்டை இறக்கிவிடும், கிருமியை இறக்காது. காலையில் பார்க்கலாம், பிள்ளைகளை ஏன் எழுப்ப வேண்டும், ராத்திரியில் வண்டிக்கு எங்கே போவது என்று நினைப்பாள். ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை தொலைவுதான். ஸ்ரீ மஞ்சோங் மருத்துவமனையின் அவசரப் பிரிவு அவ்வளவு தொலைவில்லை. போய் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை ‘கீமோ எடுக்கிறேன்’ என்பது. அதைச் சொன்னால் வரிசையில் நிற்க வைக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால் இன்னொரு காய்ச்சல்காரி, அவ்வளவே.

நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடு 2007 முதல் 2011 வரையான காலத்துக்குச் சொல்லும் கணக்கில், மலேசிய இந்தியப் பெண்களில் 24 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் மார்பகப் புற்றைச் சந்திக்கிறார். அந்தக் காலத்தில் நோய் கண்டவர்களைத் தொடர்ந்து பார்த்ததில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் எல்லா இனத்தவரையும் சேர்த்து 66.8 விழுக்காடு. மூன்றில் இருவர். தாமதமாக வருவதுதான் பெரிய காரணம் என்கிறார்கள். வந்தபின் பாதியில் நிற்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மருத்துவரிடம் பேரம் பேசலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்த வாந்தி மாத்திரை கேட்கவில்லை என்றால் வேறு இருக்கிறது. விரல் மரத்துச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்றால், அது டாக்ஸால் வகை மருந்து நரம்பைத் தொட்ட அடையாளம். சொன்னால் அளவையோ இடைவெளியையோ மருத்துவர் மாற்றிப் பார்ப்பார். சொல்லாமல் கடைசி ஊசிவரை போனால் சில பெண்களுக்கு அந்த மரப்பு ஆண்டுக்கணக்கில் நிற்கும். பத்தாவது மாதத்தில் பேத்திக்குச் சடை பின்ன விரல் வருமா என்பது, நான்காவது மாதத்தில் வாய் திறந்தாளா என்பதைப் பொறுத்தது.

அசதி இருக்கிறதே, அதற்குத்தான் மருந்து குறைவு. வாந்தி கீழே இறங்கியதும் பட்டியலில் அது மேலே ஏறியதில் ஆச்சரியமில்லை. தினமும் சிறிது நடப்பது உதவும் என்கிறார்கள், ஓய்ந்து படுத்தே கிடப்பது உதவாது. ரப்பர் மரத்தில் பால் வெட்டி, பால் பிடிக்கும் மங்குகளைக் கழுவி, வீட்டுக்கு வந்து சமைத்த தலைமுறைக்கு அசதி என்பது சொல்ல வேண்டிய நோயே இல்லை. மருத்துவமனையில் மிஸ்ஸி, அதாவது தாதி, தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பாள். வாந்தி? இல்லை. வாய்ப்புண்? கொஞ்சம். காய்ச்சல்? இல்லை. அசதி, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு அம்மா?

‘பரவாயில்லம்மா’ என்பாள். தாளில் அதற்குக் கட்டம் இல்லாததால் மிஸ்ஸி பேனாவைக் கையில் பிடித்தபடி, இன்னொரு தடவை கேட்கிறாள்.